ஐயாவுக்கு, எடின்பரோவிலிருந்து

உ
சிவமயம்

எடின்பரோ,
ஆகஸ்ட் 19

அன்புள்ள ஐயாவுக்குப் பேத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அப்பத்தா, அப்பச்சி, ஆத்தா, தம்பி எல்லோரும் நலமாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் ஒன்றும் காதில் விழுவதில்லை என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். எனக்கு அதனால் லாபம்தான். போனில் எல்லோரும் சேர்ந்து பேசுகிறார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது வைத்த பிறகும் தெரிவதில்லை. கடிதத்தில் நீங்கள் ஒருவர்தான் பேசுகிறீர்கள். ஆனால் ஐயா, மூன்றாம் பக்கத்தின் அடியில், அப்பத்தாவின் முழங்கால் வலிக்கும் ஊரில் மழை இல்லாததற்கும் நடுவே, வீட்டைப் பார்க்க ஆள் வந்து தூண்களை அளந்துவிட்டுப் போனதாக ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

படிப்பு முடிந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. வாரத்தில் சில மாலைகள் ஒரு சாப்பாட்டுக் கடையில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், பொழுது போக வேண்டுமே என்றுதான். மிஞ்சியதை அவர்களே கட்டிக் கொடுத்துவிடுவதால் சமையல் வேலை மிச்சம். ஆத்தா அனுப்பிய கல்பாசி இன்னும் இருக்கிறது. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். இங்கே பழைய கற்சுவர்களில் எல்லாம் அதைப் போலவே பாசி பூத்துக் கிடக்கிறது. அதைச் சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வந்துவிடும் என்று பேராசிரியர் பாடம் நடத்துகிறார். எனக்கோ ஒரு கோழிக்குழம்புக்குத் தேறுமா என்றுதான் கண் போகிறது.

குளிரைப் பற்றி அப்பத்தா கேட்டிருந்தார்கள். இப்போது கோடை; இரவு ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது. டிசம்பரில் அப்படி இல்லை. காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். அறையில் ஹீட்டர் உண்டு. போட்டால் தோல் வறண்டுபோகிறது, அதனால் அதிகம் போடுவதில்லை. நூலகத்தில் நாற்காலி வசதியாக இருக்கிறது. பனிக்காலம் முழுவதும் பூட்டுகிற நேரம் வரை அங்கேதான் படித்தேன். ஆத்தா கேட்ட வளையல் பத்திரமாக இருக்கிறது. குளிரில் கை வீங்குவதால் போட்டுக்கொள்வதில்லை. ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டேன், அதற்கென்று பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றித் தம்பியிடம் சொல்லியிருந்தேன், உங்களிடம் சொன்னானோ என்னவோ. நான் இருப்பது நான்கு அடுக்குக் கல் கட்டிடம். எட்டு வீடுகள், நடுவே ஒரே படிக்கட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. படிக்கட்டைக் கழுவுவது வீட்டுக்கு ஒரு வாரம் முறை. யார் முறையோ அவர்கள் கதவுப் பிடியில் கிழவி ஓர் அட்டையை மாட்டிவிடுவார். கழுவாமல் அட்டையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட முடியாது. ஓரப்படியில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜனவரியிலும் துணியைப் பின்கட்டுப் புல்வெளியில்தான் காயப்போடுவார். மாலையில் சட்டைகள் அப்பளமாக விறைத்து நிற்கும், அவற்றை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறுவார். வெயில் இல்லையே என்று கேட்டால், காற்று இருக்கிறதே என்பார்.

பிள்ளையார் நோன்பன்று நடந்ததை அப்போது போனில் சொல்லவில்லை. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் சரியாகக் கணக்குப் பார்த்து, ஆத்தா அனுப்பிய கோடி வேட்டி நூலைத் திரித்து, மாவுருண்டையில் திரியாக வைத்து இழையும் செய்துவிட்டேன். வெள்ளைப் பணியாரத்துக்குத் தலைதட்டிய ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அப்பத்தா கணக்குதான். இங்கே மிக்சியில் அரைத்ததில் மாவு சூடாகிவிடுமோ என்று ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தேன். ஒரு கரண்டி ஊற்றினால் எண்ணெய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சரி, போயிற்று என்று நினைக்கும்போது மெல்ல எழும்பி, ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாகப் பொரிந்து, வெள்ளை மாறாமல் மிதந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அது இருக்க வேண்டும் என்று சட்டம். சத்தம் கேட்டுக் கிழவி துடைப்பத்தோடு மேலே வந்து, துடைப்பக் கட்டையாலேயே மணியை அமர்த்தினார்.

வந்தவரை உட்காரவைத்தேன். இழையை வயதில் மூத்தவர் கையால்தானே வாங்க வேண்டும்? விவரம் சொன்னதும் எதுவும் கேட்காமல் கைகழுவிவிட்டு வந்தார். சுடர் எரிகிற மாவுருண்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அப்படியே வாயில் போட்டு விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் பதறிப்போனார். பணியாரத்துக்கு மிளகாய்ச் சட்னி காரம் என்று ஜாம் தடவிச் சாப்பிட்டார்; அதை நான் தடுக்கவில்லை. அவர் போன பிறகு, நீங்கள் பட்டாலை மேடையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழை கொடுப்பீர்களே, அந்தக் குரலை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டேன். என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் கிடையாது ஐயா.

பர்மாவிலிருந்து பாட்டையா எழுதிய கடிதங்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்து ஒருமுறை வாசித்துக் காட்டினீர்கள். வட்டியும் நெல் விலையும் தவிர ஒரு சொல் கிடையாது. மூன்று வருடக் கணக்கில் இவருக்கு ஒரு காய்ச்சல்கூடவா வரவில்லை என்று கேட்டேன், நீங்கள் சிரித்தீர்கள். இப்போது அந்தக் கடிதங்களை வாசித்தால் வேறு மாதிரி வாசிப்பேன்.

இனி வீட்டு விஷயம். இங்கே போன மாரியில் கூரை ஒழுகியது. மேல்வீட்டுக்காரர் பழுது பார்க்கலாம் என்றார். தங்கள் தலையில் ஒழுகவில்லையே என்று கீழ்வீட்டுக்காரர்கள் சிலர் காசு தர மறுத்தார்கள். நம் கோயம்புத்தூர்ப் பெரியப்பா பேசுவதைக் கேட்பது போலவே இருந்தது. ஸ்காட்லாந்தில் இதற்கென்றே 2004-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது: பொதுக் கூரையைப் பழுது பார்க்க உடைமைக்காரர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். படிக்கட்டிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. நான் வாடகைக்காரி, எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் பரணில் ஏறிப் படம் எடுத்தவள் நான்தான் என்பதால், நீயே சொல் என்று கிழவி முதுகில் தட்டினார். கூரை மடிப்பில் ஈயத்தகடு கிழிந்திருப்பதையும், முன்பு யாரோ சிமென்ட் வைத்து அடைத்ததால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மணற்கல் பொடிப்பொடியாக உதிர்வதையும் விளக்கினேன். முதலில் குரல் நடுங்கியது. பிறகு ஒருவர் குறுக்கே பேசியபோது, நான் முடித்துவிடுகிறேன், அப்புறம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது நான் காப்பி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகிறவள்தானே. எனக்கே வியப்பாக இருந்தது. ஐந்து வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள்.

நம் இரண்டாம் கட்டுச் சுவரிலும் இதே நோய்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய சுவர் நூறு வருடத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் மேல் சித்தப்பா சிமென்ட் பூசினார், இப்போது கொப்பளித்துக்கொண்டு நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். பட்டியல் ஓட்டையை அடைக்காது. தேக்குத் தூண் ஒன்றை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஏற்றிவிட்டால் அது தாங்கிய மேங்கோப்புக் கூரை எத்தனை மழைக்கு நிற்கும் என்று அளந்தவர் சொல்லியிருக்க மாட்டார்.

அதனால் யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வருவார்கள் அல்லவா, அன்று மாலையே பேச்சை வைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூர்ச் சித்தப்பாவுக்கு நீங்களே எழுதுங்கள், நான் எழுதினால் சின்னப்பிள்ளை என்பார். பங்குப் பத்திரத்தின் நகல் தேவகோட்டை அம்மானிடம் இருக்கிறது, வாங்கி வையுங்கள். நான் பங்கு கேட்க வரவில்லை. ஆனால் பேச்சு நடக்கும்போது பட்டாலையில் உட்காருவேன், அப்பச்சியிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

பழைய கொத்தனாரைக் கூப்பிட்டுக் கிணற்றடித் தொட்டியில் சுண்ணாம்பை நீற்றிப் போடச் சொல்லுங்கள். மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். ஊற ஊற நல்லது, நான் வந்த பிறகு தொடங்கினால் நாள் வீணாகும். சாந்தில் சேர்க்கக் கடுக்காய் ஆத்தா வாங்கி வைக்கட்டும். செப்டம்பர் இரண்டாம் வாரம் சென்னையில் இறங்கிப் பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடிக்கு வருவேன். இரவாகிவிடும், தம்பி மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும், கோட்டையூர் அயித்தையை எல்லாம் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

அந்த ஆள் மறுபடி வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். டேப்பை மட்டும் எடுக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்புப் பேத்தி

பி.கு.: கிழவிக்கு ஆத்தங்குடிக் கல் ஒன்று வேண்டுமாம், பூத்தொட்டிக்கு அடியில் வைக்க. உடையாமல் பார்சல் கட்டுபவர் யாரென்று பள்ளத்தூர் ஆச்சியிடம் கேட்டு வையுங்கள்.