ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் உடன் அனுப்பியிருந்த திரைக்கதையும் கிடைத்தன. நாடகக் குழுவில் நடிப்பவர்கள் நால்வர், ஒளிப்பட நண்பர் ஒருவர், வீட்டிலேயே இசையமைக்கும் ஒருவர் என உங்களைச் சேர்த்து ஏழு பேர் கூடியிருப்பதாகவும், ஒரு தயாரிப்பாளர் மட்டும் அமைந்துவிட்டால் உடனே தொடங்கிவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். அந்தத் தந்தையும் மகளும் இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. தயாரிப்பாளருக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த ஏழு பேரைக் கொண்டே தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அப்படித் தொடங்கும்போது செலவாகப்போவது அந்த ஆறு பேருடைய நேரம் என்பதை முதல் நாளிலிருந்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தயாரிப்பாளரின் பணத்துக்கு எவ்வளவு கணக்குக் காட்டுவீர்களோ, அவ்வளவு கணக்கு அவர்களுடைய விடுமுறை நாள்களுக்கும் காட்ட வேண்டும்.

சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயது. அதற்குமுன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1952 அக்டோபரில், நாணல் பூத்த வெளியில் ஒருநாள் படம்பிடித்தார்கள். மறுவாரம் மீதியை எடுக்கப் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த ஆண்டு பூக்கும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது. படம் 1955இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் சிறுவனின் குரல் உடையவில்லை, சிறுமி வளர்ந்துவிடவில்லை, மூதாட்டியாக நடித்த, எண்பது வயதை ஒட்டிய சுனிபாலா தேவிக்குப் படப்பிடிப்பு முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்றையும் ராய் அற்புதங்களாகவே கருதினார். இக்கதையைப் பலரும் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் அச்சத்தையே தருகிறது. உங்கள் கதையில் வரும் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஒன்றரை ஆண்டு இழுத்தீர்களானால் முதல் காட்சியில் வரும் பெண்ணும் கடைசிக் காட்சியில் வரும் பெண்ணும் ஒரே ஆளாகத் தெரியமாட்டார்கள்.

ஆகவே திரைக்கதையைச் சுருக்குங்கள். இப்போது 43 காட்சிகளும் 11 இடங்களும் இருக்கின்றன. ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கொண்டாலும், அனுபவம் குறைந்த குழுவால் ஒரு நாளில் மூன்று பக்கங்களுக்கு மேல் ஒழுங்காக எடுப்பது கடினம். அதுவும் இடம் மாறாமல் இருந்தால்தான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பொருள்களை ஏற்றி இறக்கி, மறுபடி விளக்கு அமைத்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். இரவு மழைக் காட்சியை நீக்கிவிடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன், ஏனென்றால் அங்கே நடப்பதெல்லாம் சமையலறையிலேயே நடக்கலாம். கையில் இருக்கும் வீடு, திறந்துவிடச் சம்மதிக்கும் பட்டறை, நடிகர்கள் உண்மையிலேயே செய்யத் தெரிந்த தொழில் ஆகியவற்றிலிருந்து காட்சியை எழுதினால் இழப்பு ஒன்றும் இல்லை. தந்தையாக நடிப்பவருக்குத் தையல் தெரியும் என்றீர்களே, பிறகு ஏன் அவரைத் தச்சராக எழுதியிருக்கிறீர்கள்? ஊசியில் நூல் கோக்கும் கை பொய் சொல்லாது. உளியைப் பிடிக்கத் தெரியாத கை முதல் ஷாட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒத்திகைக்கு நாள் ஒதுக்குங்கள். கிறிஸ்டோபர் நோலன் 1998இல் வெளியான தன் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்'கை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் ஏறத்தாழ ஓராண்டு எடுத்தார். ஃபிலிம் சுருள்தான் பெரிய செலவு என்பதால், முன்கூட்டியே நாடகம்போல ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்குகளிலேயே முடித்துக்கொண்டார்கள். இன்று மெமரி கார்டில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதியே குழுவைச் சோர்வடையச் செய்கிறது. பத்தாவது டேக்கில் நடிகருக்கும் உயிர் இருக்காது, நீண்ட கழியில் பொருத்திய பூம் மைக்கைப் பிடிப்பவருக்கும் கை இருக்காது.

ஒலியைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒலிக்கு ஒரு வரிகூட இல்லை. என் முதல் படத்தில், அதற்குமுன் நடித்தே இராத ஒரு முதியவர், இறந்துபோன தன் மனைவியைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். ஒரே டேக். கேமராவுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் அழுதோம். படத்தொகுப்பில் உட்கார்ந்தபோதுதான், அடுத்த அறையிலிருந்த ஃபிரிட்ஜின் முனகல் அவர் குரலுக்கு அடியில் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். அவரை டப்பிங்குக்கு அழைத்தோம். திரையைப் பார்த்து மூன்று முறை முயன்றார். சொற்கள் எல்லாம் வந்தன, அன்று 'அவ' என்று தொடங்குமுன் இழுத்த அந்த மூச்சு மட்டும் திரும்ப வரவில்லை. அந்தக் காட்சி படத்தில் இல்லை. எல்லோரும் அமைதியாக இருக்கும்போது ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கும் வழக்கம் அன்று எங்களுக்கு இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. ஃபிரிட்ஜை அணைக்கும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். புறப்படும்போது மறுபடி போட மறக்கமாட்டீர்கள். வீடு கொடுத்தவரின் பால் கெட்டுப்போனால் அடுத்த வாரம் அந்த வீடு கிடைக்காது. மைக்கைப் படச்சட்டத்துக்குள் வராத அளவுக்கு முகத்துக்கு அருகே கொண்டுபோங்கள், வெறுஞ்சுவர் எதிரொலித்தால் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள், ஒவ்வோர் இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் ஒலியை மட்டும் பதிவுசெய்யுங்கள். வசனங்களை ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும்.

எடுத்ததைப் பத்திரப்படுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. கார்டில் உள்ளதை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதியெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். இரண்டும் ஒரே பையில், ஒரே வீட்டுக்குப் போகக் கூடாது.

அடுத்தது, நீங்கள் எழுதத் தயங்கியிருக்கும் காகிதம். நண்பர்களிடம் ஒப்பந்தம் கேட்பது அவர்களை நம்பாததுபோல் ஆகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது படத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டிய பொருள்களைத் தேடிச் சேர்த்த நண்பரின் பெயரை, கடைசி நேர அவசரத்தில், 'உதவி' என்ற பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் போட்டுவிட்டேன். திரையிடல் முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஆறு ஆண்டுகளாக என்னுடன் பேசுவதில்லை. தவறு முழுக்க என்னுடையது. யாருக்கு என்ன பொறுப்பு, டைட்டிலில் பெயர் எப்படி வரும், பணம் வந்தால் எப்படிப் பங்கிடுவது, நடுவில் ஒருவர் விலகினால் அவர் செய்த வேலை என்ன ஆகும், படத்தின் உரிமை யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் எளிய மொழியில் எழுதி, படப்பிடிப்புக்கு முன்பே எல்லோரும் கையெழுத்திடுங்கள். இசையமைக்கும் நண்பரிடமும் அப்படியே. வேறொருவர் பாடலைச் சில விநாடிகள் மட்டும் பயன்படுத்தினால் அனுமதி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும், வந்துபோகும் செலவை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும், சொன்ன நேரத்துக்கு அவர்கள் வீடு திரும்பவும் வேண்டும்.

படத்தை யார் பார்ப்பார்கள் என்ற உங்கள் கேள்விக்கு, மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஒடேசா இயக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு, மக்களிடமே பணம் திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அதை மறுபடி மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். காசு கொடுத்தவருக்கு அது தன் படம். உங்களுக்கு வீடு கொடுப்பவர், ஒருநாள் தன் பட்டறையை மூடிவைப்பவர், கூட்டத்தில் நடந்துபோக வருபவர் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. திரைப்பட விழாக்களுக்கு அனுப்புங்கள். சில விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று கேட்கும். விதிகளைப் படித்துவிட்டுத் தேதியை முடிவுசெய்யுங்கள். ஆனால் இவர்களைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டும் நாளையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கிய திரைக்கதையை அனுப்புங்கள். அந்தச் சமையலறைக் காட்சியை முதலில் படிக்க ஆவலாக இருக்கிறேன். உங்கள் ஏழு பேரில் ஒலிக்கென்று ஒருவரும் இல்லை என்பதைக் கவனித்தேன். வேறு ஆள் அமையும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பூம் பிடிக்க நான் வருகிறேன். ஹெட்ஃபோன் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்