தமிழ் ஃபைலைத் திறந்தா எடிட்டர் விழுது, காரணம் ஒரு மேக்ரோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் பக்கத்தை விடாம படிக்கிறவன் நான், ஆனா சி ப்ரோக்ராம்ல தமிழ் எங்க அடிவாங்குதுன்னு அதுல யாரும் எழுதிப் பார்த்ததில்ல, அதான் நானே எழுதுறேன்.

சி-ல எழுதின சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் ஒண்ணை பராமரிச்சுட்டு வர்றேன். லினக்ஸ்ல வருஷக்கணக்கா ஒழுங்கா ஓடினது, விண்டோஸ்ல விஷுவல் ஸ்டுடியோ டீபக் பில்ட் (தப்பு தேட உதவுற வடிவம்) போட்டு ஒரு தமிழ் ஃபைலைத் திறந்ததும் முதல் எழுத்து 'அ'லயே அசர்ஷன் ஃபெயில்ட்னு, அதாவது உள்ள வச்ச சோதனை தோத்துடுச்சுன்னு, பெட்டி வந்து நின்னுடுச்சு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எழுத்துகளை பைட்டா சேமிக்கிற யுடிஎஃப்-8 முறைல 'அ'ங்கிறது 3 பைட், 224, 174, 133. இன்டெல் மெஷின்ல சி-ல எழுத்து வைக்கிற சாதாரண கேர் (char) டைப் சைன்ட், அதாவது மைனஸும் வரும், அதனால அதே பைட்டுங்க -32, -82, -123னு ஆயிடுது, எங்க மேக்ரோ (கம்பைல் ஆகுறதுக்கு முன்னாடி கோட்ல அப்படியே ஒட்டப்படுற சுருக்கம்) அதை, எழுத்தா இல்லையான்னு பார்க்கிற இஸ்ஆல்ஃபா (isalpha) ஃபங்ஷன்கிட்ட அப்படியே தள்ளி விட்டுடுது. அதுக்கு 0ல இருந்து 255 வரைக்கும், இல்லன்னா ஃபைல் முடிஞ்சதைக் காட்டுற இஓஎஃப் (EOF), இது மட்டும்தான் கொடுக்கலாம்னு சி ஸ்டாண்டர்டே சொல்லுது. லினக்ஸ்ல சி லைப்ரரியான கிளிப்சி (glibc) 384 இடம் உள்ள டேபிள் வச்சு -128 வரைக்கும் தாங்கிக்குது, ராஸ்பெர்ரி பை லினக்ஸ்ல கேர் அன்சைன்ட், மைனஸே வராது, அதனால இத்தனை வருஷமா தப்பு கண்ணுலயே படல.

மேக்ரோவுக்குள்ள அன்சைன்ட் கேர்னு ஒரு காஸ்ட் (டைப் மாத்துறது) போட்டேன், க்ராஷ் நின்னுச்சு. ஆனா ஃபைல்ல இருந்து ஒவ்வொரு பைட்டா படிக்கிற கெட்சி (getc)-ல இருந்து வர்ற மதிப்புக்கு இதே மேக்ரோவை போட்டா இஓஎஃப் -1 போய் 255 ஆயிடும், அதை மறந்துடக் கூடாது. காஸ்ட் போட்டதும் தமிழ் வார்த்தை எங்க முடியுதுன்னு எடிட்டருக்குத் தெரிஞ்சிடாது, அதுக்கு யுடிஎஃப்-8 பைட்டுங்களைச் சேர்த்து எழுத்தா டிகோட் பண்ணியே ஆகணும்.

இன்னொரு மேக்ரோ ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்குறது, அதுல ஆர்க்யுமென்டை (கொடுக்கிற மதிப்பை) ரெண்டு தடவை எழுதியிருந்தாங்க, அதுகிட்ட அடுத்த எழுத்துக்கு நகர்த்துற பாயின்டர் ப்ளஸ் ப்ளஸ் கொடுத்தா அது ரெண்டு தடவை நகர்ந்து ஒரு எழுத்தை விட்டுட்டு தாவிடும். அதை ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷனா மாத்திட்டேன், அதுல ஆர்க்யுமென்ட் ஒரே தடவைதான் கணக்காகும், 1999 சி ஸ்டாண்டர்டான சி99ல இருந்து இருக்கிற வசதி, இன்னும் ஏன் மேக்ரோவையே கட்டிக்கிட்டு அழணும்?

பிராம் மூலனார் 1991ல வெளியிட்ட விம் எடிட்டரோட சோர்ஸைப் பார்த்தேன், அங்க இலக்கமான்னு பார்க்க சொந்த மேக்ரோவே இருக்கு. விண்டோஸோட இஸ்டிஜிட் (இலக்கமான்னு பார்க்கிற ஃபங்ஷன்) மேல தூக்கி எழுதுற குட்டி 1ஐயும் இலக்கம்னு சொல்லிடுது, 0க்கு கீழ, 255க்கு மேல போனா க்ராஷ் ஆகுதுன்னு காரணத்தையும் கமென்ட்ல எழுதி வச்சிருக்காங்க. மதிப்பை அன்சைன்ட் ஆக்கி '0'ங்கிற எழுத்தோட எண்ணைக் கழிச்சு 10க்கு கீழயான்னு ஒரே ஒரு கம்பேர். மைனஸ்ல எது வந்தாலும் பெரிய நம்பரா மாறி வெளிய போயிடும். எவ்வளவு அழகான வேலை!

நான் படிச்ச காலேஜ்ல இஸ்ஆல்ஃபாவை காஸ்ட் இல்லாமத்தான் போர்டுல எழுதிப் போட்டாங்க, டெஸ்டுக்கு ஏபிசிடி மட்டும்தான் கொடுப்பாங்க. சி சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்கள் அடுத்த லேப்ல 'அம்மா'ன்னு ஒரு வரியையும் இன்புட்டா கொடுத்துப் பார்க்கணும், உங்க கம்ப்யூட்டர் பக்கத்துலயும் இதைப் பத்தி ஒரு கட்டுரை போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை