வாகையின் உறவினர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கடிதத்துக்குள் அழுத்தி வைத்து நீங்கள் அனுப்பிய பட்டுமரப் பூ, நிறம் சற்று மங்கியிருந்தாலும் வடிவம் குலையாமல் வந்து சேர்ந்தது. உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதழ்கள் என்று நாம் நினைப்பவை எல்லாம் மகரந்தத் தாள்களே. அடியில் வெண்மையாகத் தொடங்கும் ஒவ்வோர் இழையும் நுனியை நெருங்க நெருங்க இளஞ்சிவப்பாகிறது. உண்மையான இதழ்களோ அடியில் சிறு குழல்களாக ஒடுங்கிக் கிடக்கின்றன.

அதை மிமோசா என்று சிலர் அழைப்பது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்த மரத்துக்கு அதுதான் பெயர். ஐரோப்பியர் மிமோசா என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து சென்று மஞ்சளாய்ப் பூக்கும் வேல இன மரத்தை. தாவரவியலாரிடம் கேட்டால் நம் தொட்டாற்சிணுங்கியைக் காட்டுவார்கள். பட்டுமரமோ நம் வாகையின் நெருங்கிய உறவு. இரண்டும் அல்பீசியா என்ற ஒரே பேரினம். பட்டுமரத்தின் அறிவியல் பெயரின் பின்பாதியான ஜூலிபிரிசின், பட்டுப்பூ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபு.

மாலையில் அதன் சிற்றிலைகள் இணை இணையாகக் கூம்பிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஜப்பானியர் அதனால்தான் அதை உறங்கும் மரம் என்கிறார்கள். 1689-இல் கிசகத்தா என்னும் நீர்நிலைக்குச் சென்ற கவிஞர் பாஷோ, மழையில் நனைந்த இந்தப் பூவில் சீ ஷீ என்ற பண்டைய சீன அழகியைக் கண்டார். 1804-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் தரை உயர்ந்து அந்த நீர்நிலையே வற்றிப்போனது. கவிதையில் மட்டும் மழை இன்னும் பெய்கிறது.

ஓவியத்தில் என் மனத்தை விட்டு அகலாதவை இரண்டு. பிரெஞ்சு ஓவியர் பியர் போனார், லெ கனே ஊரில் தம் வீட்டு ஓவியக்கூடச் சன்னலுக்கு வெளியே பூத்த மிமோசாவை 1939-இல் வரையத் தொடங்கி 1946 வரை விடாமல் திருத்திக்கொண்டிருந்தார். இடையே 1942-இல் மனைவி மார்த் இறந்தார். சன்னல் முழுவதும் மஞ்சள் கொழுந்துவிட்டு எரிய, இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு முகம் இருப்பதும் தெரியாமல் கரைந்திருக்கிறது. நேரில் பார்த்தபடியே தீட்டாமல் சிறு குறிப்போவியங்களையும் நினைவையும் நம்பி வரைந்தவர் அவர் என்பதால், அந்த மஞ்சளில் எத்தனை ஆண்டுகளின் பூக்கள் சேர்ந்திருக்கின்றனவோ என்று எண்ணிக்கொள்கிறேன்.

மற்றொன்று கண்ணால் காண முடியாத ஓவியம். காளிதாசரின் சாகுந்தலத்தில், தான் மறந்து துரத்திய சகுந்தலையைத் துஷ்யந்தன் நினைவிலிருந்து வரைகிறான். வரைந்து முடித்தவனுக்கு ஒரு குறை உறுத்துகிறது: அவள் காதில் செருகி, கன்னம்வரை இழைகள் தொங்கும் சிரீஷப் பூவை இன்னும் தீட்டவில்லை. சிரீஷம் என்பது நம் வாகைதான். உங்கள் பூவின் இழைகளைப் பார்த்தபோதுதான், அவ்வளவு மெல்லிய ஒன்று விடுபட்டதற்கு அவன் ஏன் அப்படித் தவித்தான் என்பது எனக்கு விளங்கியது.

உங்கள் கன்று விரைவாக வளரும். ஆனால் நீண்ட ஆயுள் உடையதன்று. வேர்வழியே ஏறும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையின் வாடல் நோய் வந்தால் காப்பாற்றுவது கடினம். ஆகவே விதை சேர்த்து வையுங்கள். 1793-இல் சீனாவில் சேகரிக்கப்பட்டு லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் உலர்தாவரத் தொகுப்போடு இருந்த பட்டுமர விதைகள், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பற்றிய தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் பட்டு, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் முளைத்தன!

வாகையின் வெண்ணெற்றுகள் காற்றில் கலகலப்பதைக் கேட்டுக்கொண்டு நாம் இருவரும் படித்த நாட்கள் நினைவிருக்கும். உங்கள் மரம் காய்த்ததும் நன்கு உலர்ந்த நெற்று ஒன்றை அனுப்புங்கள்; அதுவும் அப்படி ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்