கேசட்டை நிறுத்தச் சொன்ன பாட்டிக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

கனடாவின் மேற்குக் கரையில், ஸ்கீனா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர் பிரின்ஸ் ரூபர்ட். சிம்ஷியன் மக்களின் மண். அங்கே வீடுகளில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலையில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். கிளம்பும் நேரத்தில் யாரிடமும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. அவர்கள் வழக்கப்படி முக்கியமான எதையும் நாலு பேர் முன்னிலையில்தான் சொல்ல வேண்டும். சாட்சியாக நீங்கள் இருங்கள்.

அவர்களின் சட்டத்துக்குப் பெயர் அயாவுக். எந்த மீன்துறை எந்த வீட்டுக்கு (வீடு என்றால் கட்டடம் இல்லை, ஒரு தாய்வழிச் சொந்தக் கூட்டம்), ஒரு பெயரை யார் சூடலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். காகம், கழுகு, ஓநாய், ஓர்க்கா திமிங்கலம் என்று நான்கு குலங்கள். சொந்தக் குலத்தில் கல்யாணம் கூடாது. எல்லாம் தாய்வழி. தலைவரின் பெயர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். இவற்றுக்கு ஆதாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய வரலாறு, அடாவுக். அதை விருந்து வைத்துச் சபையில் சொல்வார்கள். சாப்பிட்டுப் பரிசு வாங்கிக்கொண்டு போகிற விருந்தாளிகள்தான் சாட்சிகள்.

அந்த விருந்துகளையே 1885 முதல் 1951 வரை கனடா அரசு குற்றமாக்கி வைத்திருந்தது. அத்தனை ஆண்டுகளும் இதை நெஞ்சில் வைத்துக் காத்தவர்களுக்கு என் முதல் நன்றி. அவர்களில் வில்லியம் பெய்னனைச் சொல்லாமல் இருக்க முடியாது. தானே ஒரு தலைவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முதியவர்கள் சொன்னதைக் கேட்டு நோட்டு நோட்டாக எழுதி வைத்துவிட்டு 1958-ல் மறைந்தார். அவர் எழுத்துகளைப் பார்த்துத்தான் பல கேசட்டுகளில் பேசுவது எந்த ஊர்க் கதை என்றே எங்களுக்குப் பிடிபட்டது.

அப்புறம், பாட்டி. உங்கள் அண்ணன் பேசிய கேசட் அது. பூஞ்சை பிடித்து நாடா தளர்ந்திருந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கி ஓடவிட்டேன். பாதியில் கையை உயர்த்தி, "நிறுத்து. இது எங்கள் வீட்டு அடாவுக் இல்லை, அப்பா வீட்டினுடையது. அவர்களைக் கேட்காமல் நீ எடுக்கக் கூடாது" என்றீர்கள். நாடா இன்னொரு முறை ஓடுமா என்பதே சந்தேகம், எனக்குப் பதறியது. நீங்கள் அசையவில்லை. போன் போட்டீர்கள். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுத் தலைவர் தன் சகோதரியின் மகளோடு வந்தார். உலர்ந்த சால்மனும், ஊலிக்கன் மீனெண்ணெய் ஒரு ஜாடியும் கொண்டுவந்தார். முழுக்கக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரதி எடுக்கலாம், ஆனால் அது எங்கள் வீட்டில் இருக்கட்டும், இணையத்தில் வேண்டாம் என்றார். சரி என்றேன். சட்டத்தைப் பதிவு செய்ய வந்தவன் அந்தச் சட்டத்தை மீறாமல் தப்பித்தது உங்களால்தான், பாட்டி.

1997-ல் கனடா உச்ச நீதிமன்றம் வாய்வழி வரலாற்றுக்கும் சாட்சியமாக உரிய மதிப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பக்கத்து கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தொடுத்த டெல்கமுக் வழக்கு அது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன முதியவர்கள் அனைவருக்கும் நன்றி.

கேசட்டுகளில் இருந்த சிம்ஷியன் மக்களின் சிமால்கியாக் மொழியை ஒவ்வொரு சொல்லாக எழுத்தில் பெயர்த்த மூன்று அம்மாக்களுக்கு நன்றி. ஒரே சொல்லுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டிருந்தேன். டேப்ரெக்கார்டர் இரவல் தந்து, கடைசிவரை திருப்பிக் கேட்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. அது இப்போது உங்கள் வாசல் அலமாரியில் இருக்கிறது, அண்ணே.

தலைவரோடு வந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கும். பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளில் வீட்டுப் பெயர்களை எழுதியது அவள்தான். நான் எழுதிய முதல் மூன்றிலும் பிழை இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

நன்றியை உங்கள் மொழியிலேயே சொல்கிறேன்: தொயக்சூட் நூஸம்.