பிளானைப் பார்த்தேன், கையெழுத்துப் போடும் முன் இதைப் படி

அன்புள்ள மகளே,

நீ அனுப்பிய வீட்டுப் பிளானைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். வெளிச்சமும் காற்றும் ஆர்க்கிடெக்ட் நன்றாகவே யோசித்திருக்கிறார், வரவேற்பறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் படுக்கையறையில் கட்டில் 4 அடி அகலத்துக்குத்தான் வரைந்திருக்கிறது, அதனால்தான் அறை அவ்வளவு தாராளமாகத் தெரிகிறது. உங்கள் கட்டில் 6 அடி. அறையின் அகலம் 10 அடி என்பது சுவரோடு சேர்த்தா, உள்ளளவா என்று முதலில் கேள். சுவரோடு சேர்த்து என்றால் இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர் போக எட்டரை அடிதான் மிஞ்சும், அதில் கட்டிலையும் 2 அடி ஆழ அலமாரியையும் போட்டால் நடுவில் அரை அடிதான், அலமாரிக் கதவைத் திறக்கக்கூட முடியாது.

அப்புறம் படிக்கட்டு. எனக்குப் பெரிய கவலை இதுதான். 10 அடி நீளத்தில் ஒரே நேராக 12 படி வரைந்திருக்கிறார். மாடி உயரமும் 10 அடி, அதாவது 120 அங்குலம், 12 படி என்றால் கடைசியில் மாடித் தரைக்குக் கால் வைப்பதையும் சேர்த்து 13 ஏற்றம், அப்படிப் பிரித்தால் ஒவ்வொன்றும் 9 அங்குல உயரத்துக்கு மேல் வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்க முடியுமா சொல்லு. 7 அங்குலம் வைத்தால் 17 ஏற்றம் வேண்டும், நேராகப் போட இடம் போதாது. நடுவில் லேண்டிங், அதாவது நின்று திரும்பச் சமதளம் வைத்துத் திருப்பினால் அதே நீளத்துக்குள் அடங்கிவிடும், அகலம்தான் இரண்டு மடங்காகும். அதைப் பக்கத்து ஸ்டோர் ரூமிலிருந்து எடுக்கச் சொல், ஸ்டோர் ரூம் சுருங்கினால் பரவாயில்லை.

கீழே எங்களுக்கென்று அறை வைத்திருக்கிறாய், பார்த்ததும் உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாத்ரூம் கதவை மட்டும் மாற்றச் சொல்லம்மா. இப்போது இரண்டரை அடிதான், அதுவும் உள்ளே திறக்கிறது. நாளைக்கு எங்களில் யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போகும். வெளியே திறக்கட்டும், 3 அடி இருக்கட்டும், சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் போக வேண்டுமில்லையா.

மாப்பிள்ளையும் நீயும் ஆர்க்கிடெக்ட் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் கேளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம். இப்போது அழிப்பது கோடு, அப்புறம் இடிப்பது சுவர். திருத்திய பிளான் வந்ததும் எனக்கு அனுப்பு, அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா