எல்லாருக்கும் இருபது

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ நர்சிங் கல்லூரியிலிருந்து போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மூணு வாரமா பெட்ஷீட் விரிக்கத்தாம்மா சொல்லித் தர்றாங்க. இதுக்கா பயாலஜியை அப்படி உருப்போட்டேன்?" என்றாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

ஷீட்டின் மூலையை 45 டிகிரியில் மடிக்க வராமல் நானும் திட்டு வாங்கியவள்தான். பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு தாத்தாவைப் புரட்டிய அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மேக்கின்டாஷ் என்கிற ரப்பர் விரிப்பின் மேல் குறுக்கே போட்டிருந்த துணியில், அதுதான் டிரா ஷீட், ஒரு சுருக்கம். அது அப்படியே அவர் முதுகில் அச்சாக விழுந்திருந்தது. வால் எலும்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை என்று எலும்பு துருத்துகிற இடமெல்லாம் அழுந்தி ரத்த ஓட்டம் தடைபட்டால் பெட்சோர்தான், படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடச் சொல்வது அதற்காகத்தான். 'சிவந்திருக்கும், அழுத்தினால் வெளுக்காது' என்று புத்தகத்தில் இருக்கும். நம் ஆட்கள் நிறத்துக்கு அந்தச் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. புறங்கையால் தொட்டுப் பார். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உடனே சிஸ்டரிடம் சொல்.

இனி சொல்லப்போவது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நான் நர்சிங் படித்த முதல் வருஷம், காலை டிபிஆர், அதாவது டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன். முப்பது பேருக்கு மேல் பார்க்க வேண்டும். டெம்பரேச்சரும் பல்ஸும் ஒழுங்காகப் பார்த்தேன். ரெஸ்பிரேஷனுக்கு, மூச்சை எண்ண, யார் ஒரு நிமிஷம் நிற்பது என்று எல்லாருக்கும் 20 போட்டுவிட்டேன். ஹெட் சிஸ்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த வார்டில எல்லாரும் பேசி வச்சு மூச்சு விடுறாங்களோ?" என்று கேட்டார். கத்தவில்லை. காய்ச்சலோடு வந்திருந்த ஒரு அக்காவின் கட்டிலுக்குக் கூட்டிப்போனார். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து, முழு நிமிஷம் எண்ணினார். 34. பெரியவர்களுக்கு 12 முதல் 20 தான் இருக்க வேண்டும். டாக்டர் ஓடி வந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரேயில் நிமோனியா. பத்து நாளில் அந்த அக்கா நடந்து வீட்டுக்குப் போனார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

மூச்சை எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதே, சொன்னால் அவர் மூச்சு விடுகிற விதமே மாறிவிடும். அதனால்தான் கையை விடாமல் எண்ணுவது. பதினைந்து செகண்ட் எண்ணி நாலால் பெருக்குகிற வேலையும் வேண்டாம், முழு நிமிஷம் நில். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உதட்டின் நிறம் தெரியும். மூக்கு விடைப்பது தெரியும். சாப்பிடாமல் மூடி வைத்த தட்டும் தெரியும்.

உங்கள் கல்லூரியிலும் நைட்டிங்கேல் படம் மாட்டியிருப்பார்கள், கையில் விளக்கோடு. எனக்கு அந்த விளக்கைவிட அவர் வைத்திருந்த கணக்குதான் பிடிக்கும். 1854-இல் கிரிமியப் போரின்போது துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனவர், செத்த சிப்பாய்களை எண்ணி, காயத்தால் எத்தனை பேர், தொற்றால் எத்தனை பேர் என்று பிரித்து, 1858-இல் வண்ணப் படமாகவே போட்டுக் காட்டினார். காயத்தைவிட நோயில் போனவர்கள்தான் மிக அதிகம்.

கை கழுவுவதை நான் சொல்லத் தேவையில்லை, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சோப்பு போட்டால் 40 முதல் 60 செகண்ட். கட்டைவிரலை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறாய்.

பார்சலில் அதிரசத்துக்கு அடியில் என் பழைய வாட்ச் இருக்கிறது. செகண்ட் முள் உள்ளது, பேட்டரி மாற்றியாயிற்று. கை கழுவும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள். நேற்று ராத்திரி அப்பா தூங்கும்போது அதை வைத்து எண்ணிப் பார்த்தேன். 16. குறட்டையைத் தனியாக எண்ணவில்லை.

அம்மா