விட்டதைப் பிடிக்க நாங்களும் உதவினோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் சூதாட்டத் தடை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், அதை ஏற்றுக்கொண்டாலும் அதிலுள்ள தடை ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் என்று எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே இதில் மாட்டிக்கொண்டிருந்தால் குடும்பத்தார் எங்கே போவது, என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தம்பி கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேற்பார்வையாளர். 2021 ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோது கைப்பேசியில் ரம்மி ஆட ஆரம்பித்தான். முதல் வாரமே நாலாயிரம் ரூபாய் வந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ வருகிறதே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். அடுத்த ஆண்டு பார்த்தால் 1,80,000 ரூபாய் கடன். என் வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தேன். குலதெய்வம் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். 2023-இல் மறுபடியும் நாலு லட்சம். அம்மா பெயரில் இருந்த வீட்டுமனையை விற்று அடைத்தோம். 2024-இல் அவன் மனைவியின் நகை 11 பவுன் போயிற்று.

நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 27 ஆண்டுகள் நகைக்கடன் பிரிவில் இருந்தவள். அடகு வைக்க வருபவர் முகத்தைப் பார்த்தே கல்யாணச் செலவா, ஆஸ்பத்திரிச் செலவா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான், சொந்தத் தம்பி மனைவியின் கழுத்தில் ஆறு மாதமாகக் கவரிங் கிடந்ததைக் கவனிக்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் அவமானம் என்ற பயம்தான். எனக்கு அந்த ஆறு மாதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் ராத்திரி, "நான் இல்லாமப் போயிட்டா கடன்காரங்க உங்களை விட்டுருவாங்க அக்கா" என்றான். அன்றைக்குத்தான் 14416 என்ற எண்ணை அழைத்தேன். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். எதிர்முனையில் பேசிய பெண் முதலில் கேட்டது தம்பி இப்போது பாதுகாப்பாக இருக்கிறானா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். கடன் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. அப்புறம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். மறுநாளே போனோம்.

மருத்துவர் சில கேள்விகள் கேட்டார். இழந்ததைப் பிடிக்க மறுநாளே திரும்ப ஆடுவானா? கட்டும் தொகை கூடிக்கொண்டே போனதா? நிறுத்தச் சொன்னால் எரிந்து விழுகிறானா? எவ்வளவு ஆடினான் என்பதை மறைத்துப் பொய் சொன்னானா? இப்படி மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் 9 அறிகுறிகள் உண்டு. 12 மாதங்களுக்குள் 4 பொருந்தினாலே அது சூதாட்ட நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது அடிமைப் பழக்கங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த 9-இல் ஒன்றைக் கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியிலிருந்து மீள அடுத்தவர்களிடம் பணத்துக்குக் கைநீட்டுவதும் ஓர் அறிகுறியாம். அப்படி நீட்டப்பட்ட கையில் மூன்று தடவை பணம் வைத்தவர்கள் நாங்கள்தான். கடன் அடைந்ததும் அவனுக்குத் தோன்றியது நிம்மதி இல்லை, இனி புதிதாக ஆடி விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்ற எண்ணம்தான். இதை அவனே பிறகு சொன்னான்.

இதற்கென்று தனியாக மாத்திரை கிடையாது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து கொடுத்தார்கள். முக்கியமான சிகிச்சை பேச்சுதான்: எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது, அப்போது மனதில் என்ன ஓடுகிறது, அதை எப்படிக் கடப்பது என்று வாரா வாரம் உட்கார்ந்து பேசினார்கள். எங்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். பணத்தைக் கையில் கொடுக்கவே கூடாது, கடன்களை ஒரு தாளில் எழுதி அவன் சம்பளத்திலிருந்தே தவணையாகக் கடன் கொடுத்தவருக்கு நேராகக் கட்ட வேண்டும் என்றார் மருத்துவர். சம்பளக் கணக்கு இப்போது மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. அவன் கைப்பேசியில் யுபிஐ இல்லை. தினமும் 200 ரூபாய் ரொக்கம். முதலில் கோபப்பட்டான், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்தான். சரி, இருக்கட்டும் என்று நாங்கள் அசையவில்லை. கடன் ஆப்காரர்கள் போட்டோவை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டியபோது சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணில் புகார் செய்தோம்.

விளம்பரங்களின் கடைசியில் "இந்த விளையாட்டில் நிதி அபாயம் உண்டு, பொறுப்புடன் விளையாடுங்கள்" என்று மூச்சுவிடாமல் படிப்பார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இவ்வளவு நேரம்தான், இவ்வளவு பணம்தான் என்று அளவு வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு அந்த அறிவுரை போய்ச் சேரலாம். என் தம்பியும் 500 ரூபாய்தான் என்று அளவு வைத்தான், ஒவ்வொரு நாளும் வைத்தான். வைத்த அளவில் நிற்க முடியாமல் போவதுதான் அவனுக்கு வந்த நோய். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழக ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதி போட்டது நல்ல விதி. அவன் பெரும் தொகைகளை இழந்தது அந்த ஐந்து மணி நேரத்தில்தான். எங்களுக்கு அது தாமதமாக வந்தது.

மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்திவிட்டன. நன்றி சொல்கிறேன். ஆனால் தடை வந்த பிறகும் டெலிகிராமில் ஒரு வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் அவனுக்கு வந்தது. அதைத் திறக்காமல் மனைவியிடம் காட்டினான் என்றால், அது ஒன்பது மாதச் சிகிச்சையால்தான். சிகிச்சை கிடைக்காத ஒருவர் கைக்கும் அதே லிங்க் போகும். மத்தியச் சட்டத்தின் தண்டனை ஆட்டத்தை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவருக்கும்தான், ஆடி ஏமாந்தவருக்கு இல்லை. சிகிச்சைக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பலர் தயங்குகிறார்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இவற்றை உங்கள் கட்டுரை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் எத்தனை வீட்டுக்குத் தைரியம் வந்திருக்கும்!

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ரம்மியால் பணம் இழந்தவர், உயிரை மாய்த்துக்கொண்டவர் என்று செய்தி போடும் ஒவ்வொரு முறையும் 14416 என்ற எண்ணை அதன் கீழே, கண்ணில் படும் அளவு பெரிய எழுத்தில் போடுங்கள். தலைப்பில் "சூதாடி" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் படிக்கும் வீடுகளில் என் தம்பி மனைவியைப் போல ஒருத்தி கவரிங் நகையோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கரூர்.